துபாய் ஃபிளாட்டுக்குக் குடும்பப் பணம்: கைமாற்றா, கூட்டுப் பெயரா?

லீவுக்குப் போய்த் தங்க துபாயில் ஒரு சின்ன ஃபிளாட் வேண்டும் என்பது எங்கள் அண்ணனுக்கும் மைனிக்கும் பல வருஷ ஆசை. மார்த்தாண்டம் பக்கம் இது அதிசயமில்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் அங்கே. விலை சுமார் 50 லட்சம். கையில் பாதி இருக்கிறது. மீதியை, குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பாவிடம் கேட்கலாம் என்றார் அண்ணன்.

பேங்க்? அந்த வழி அடைபட்டது. இங்கே குடியிருப்பவர் வெளிநாட்டில் சொத்து வாங்க அனுப்பும் பணத்துக்கு இங்குள்ள பேங்க் கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

கைமாற்றில் பெரிய வசதி, வீடு அண்ணன் பெயரில் மட்டும் இருக்கும். விற்க, வாடகைக்கு விட வேறு யார் கையெழுத்தும் வேண்டாம். சித்தப்பா வட்டியும் கேட்க மாட்டார். ஆனால் ரொக்கமாக வாங்கிவிடக் கூடாது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். பேங்க் வழியாக வாங்கி, புரோநோட்டும் எழுத வேண்டும். "நமக்குள்ள எதுக்கு மக்கா எழுத்து?" என்பார் சித்தப்பா. அங்கேதான் எனக்குப் பயம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. மழை விடாமல் பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நிற்கும், அவர் வருமானமும் நிற்கும். மகள் கல்யாணமும் வர இருக்கிறது. அப்போது பணம் துபாய்ச் சுவருக்குள் இருக்கும். அவர் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார். கேட்காத கடன்தான் குடும்பத்தில் பேச்சுவார்த்தையை நிறுத்துகிறது.

கூட்டுப் பெயரில் வாங்கினால் சித்தப்பாவும் பாதி உரிமையாளர். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு பேங்க் 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிக்கும். அண்ணன் தனியாக 50 லட்சம் அனுப்பினால் கூடுதலாக 8 லட்சம் கையில் வேண்டும். இருவரும் ஆளுக்கு 25 லட்சம் அனுப்பினால் தலைக்கு 3 லட்சம், மொத்தம் 6. இது வருமான வரியில் கழியும் அல்லது திரும்பி வரும். ஆனாலும் அனுப்பும் நாளில் இருந்தாக வேண்டும். சித்தப்பா பெயர் பத்திரத்தில் இல்லாமல் அவர் வரம்பை மட்டும் சேர்த்துக்கொள்ள முடியாது, அது கவனம். துபாய் நிலத் துறைக்குக் கட்டும் 4 சதவீதப் பதிவுக் கட்டணமும் பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான் விழும்.

தொந்தரவும் உண்டு. சித்தப்பா வருஷா வருஷம் வருமான வரி ரிட்டர்ன் போட்டு, வெளிநாட்டுச் சொத்தை அதில் காட்ட வேண்டும். விற்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் காலமானால் வாரிசுப் பிரச்சினை. அதற்கு உயில் எழுதி வைப்பது அவசியம். முஸ்லிம் அல்லாதவர்கள் துபாயில் உயில் பதிவு செய்ய 2015 முதல் வசதி இருக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகும் நான் கூட்டுப் பெயர் பக்கம்தான், சித்தப்பாவுக்கு அந்த வீட்டில் உண்மையிலேயே ஆசை இருந்தால். இல்லையென்றால் அவரிடம் 25 லட்சம் கேட்கவே வேண்டாம், அண்ணன் இன்னும் சில வருஷம் சேர்க்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை சித்தியையும் உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னோம். சித்தி கேட்ட முதல் கேள்வி: "கல்யாணத்துக்கு முன்னாடி விக்கணும்னா எத்தனை நாளாகும்?" அதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் அட்வான்ஸ் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.