தோட்டத்து டிஸ்பென்சரியை அரசு பொறுப்பெடுக்க வேண்டும்: மலையகப் பயணத்தில் பார்த்த மருத்துவச் சேவை

வெளிநாட்டிலிருந்து இலங்கை மலையகத்தில் அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் வயதான அம்மா அப்பாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு கிளினிக் நாளாவது கட்டாயம் வாய்க்கும். வேன் பிடித்துக் கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் மனசு சொல்லும். அவசரப்பட வேண்டாம். சீனி வருத்தம், பிரஷர் போன்ற நீண்டகால நோய்களுக்கு அரசாங்க கிளினிக்கே நல்லது. நாம் பிளேன் ஏறிய பிறகும் மாதாமாதம் பார்க்கப்போகிறவர் அந்த டாக்டர்தான். பழைய கணக்கெல்லாம் அவர் எழுதும் கிளினிக் கொப்பியில்தான் இருக்கிறது.

விடியற்காலையே போய் நம்பர் எடுக்க வேண்டும். கிளினிக் கொப்பி, போன தடவை தந்த இரத்தப் பரிசோதனைத் துண்டு, வீட்டில் மிச்சமிருக்கும் குளிசை மட்டைகள் எல்லாம் பையில் இருக்கட்டும். வெறும்வயிற்றுச் சீனி பார்ப்பதென்றால் முந்தின இரவிலிருந்து 8 மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. பெரும்பாலும் பிழை நடப்பது இங்கேதான். மலைக்குளிருக்குச் சீனி போட்ட ஒரு பிளேன்டி குடித்துவிட்டுத்தான் பெரியவர்கள் பஸ் ஏறுகிறார்கள். சீனி கூடிக் காட்டும், டாக்டரும் குளிசையைக் கூட்டி எழுதிவிடுவார். பிறகு வீட்டில் கைகால் நடுங்கி வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். இன்னும் சிலர் வெறும்வயிறு என்றால் எந்தக் குளிசையும் கூடாது என்று நினைத்துப் பிரஷர் மருந்தையும் விட்டுவிடுகிறார்கள். பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு வழக்கம்போல் போடலாம். சீனிக் குளிசையும் இன்சுலினும்தான் இரத்தம் கொடுத்து, சாப்பிடும் நேரம்வரை காத்திருக்க வேண்டும்.

மருந்துக்கும் டாக்டருக்கும் காசில்லை. ஆனால் துணைக்கு வரும் மகளுக்கு அன்றைக்குத் தோட்டத்தில் பேர் விழாது, சம்பளம் போய்விடும். 2024 செப்டெம்பரில் வந்த வர்த்தமானிப்படி நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அது போக, தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து (மேல் பிரிவிலிருந்து) ஓட்டோவில் இறங்கி, பஸ் ஏறி, டவுனில் சாப்பிட்டு, ‘இது இங்கே முடிஞ்சுது, வெளியில வாங்குங்க’ என்று தரும் துண்டுக்கும் காசு கொடுக்க வேண்டும். அதனால்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறார்கள். ஒரு மாத மருந்தைப் பாதி பாதியாக உடைத்து இரண்டு மாதம் ஓட்டுகிறார்கள். சோம்பலென்று இதைத் திட்டுகிறவர்கள் அந்த வீட்டு வரவு செலவை ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும்.

வெளித் துண்டு கிடைத்தால் அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலவில் முதலில் கேளுங்கள். துண்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாம் வெளிநாட்டிலிருந்து கொண்டுபோகும் மருந்துப் பெட்டியும் ஆபத்தை உண்டாக்கலாம். கிளினிக் தருவது மெட்ஃபோமின், நாம் கொண்டுபோவது குளுக்கோஃபாஜ். இரண்டும் ஒரே மருந்துதான். பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

சீனி பார்க்கும் மெஷினும் அப்படித்தான். லண்டனிலோ டொரொண்டோவிலோ வாங்கியது மில்லிமோல் கணக்கில் காட்டும், ஊரில் ஆஸ்பத்திரி எழுதுவது மில்லிகிராம் கணக்கு. மெஷினில் 9 என்று வந்தால் அது ஊர்க் கணக்கில் 162. 18ஆல் பெருக்க வேண்டும். இது தெரியாத வீட்டில் 9 என்று கண்டதும் சீனி இறங்கிவிட்டது என்று பயந்து சீனித்தண்ணி கரைத்துக் கொடுப்பார்கள். நாம் கொண்டுபோன ஸ்ட்ரிப் முடிந்தால் அதே வகை டவுனில் கிடைப்பதும் நிச்சயமில்லை. மெஷினை ஊரிலேயே வாங்கிக்கொடுங்கள். ஸ்ட்ரிப்புக்கு மாதாமாதம் காசு அனுப்புங்கள்.

அவசரத்துக்கு 1990 என்ற எண்ணுக்குப் போன் பண்ணினால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2016இல் இந்திய நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்த இலவசச் சேவை. கிட்ட இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள், தனியாருக்கு அல்ல. போனில் தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. டிவிஷன், கிட்ட இருக்கும் ஃபக்டரி அல்லது கோயில், பெரிய ரோட்டிலிருந்து திரும்பும் சந்தி எல்லாவற்றையும் சொல்லுங்கள். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போகும் பாதை குண்டும் குழியுமாக இருந்தால் ஒருவரைச் சந்திக்கே அனுப்பி வையுங்கள். மழைக்காலத்தில் அம்புலன்ஸ் ஏற முடியாத பாதைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே நோயாளியைத் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

பெரிய கட்டடம் மலையகத்துக்கு வராமலில்லை. இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் டிக்கோயா ஆஸ்பத்திரி 2017 மே மாதம் திறக்கப்பட்டது. தேவையான கட்டடம்தான். லயத்துக்கும் அந்த வாசலுக்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் இன்னும் தீராமல் கிடக்கிறது. தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளுக்குப் போனது. பல தோட்டங்களில் டிஸ்பென்சரி என்கிற சின்ன மருந்தகமும் அங்கே இருக்கும் வைத்திய உதவியாளரும் இன்னும் கம்பனியின் கீழ். பிரதேச ஆஸ்பத்திரி மாகாணத்தின் கீழ், கண்டி தேசிய ஆஸ்பத்திரி மத்திய அமைச்சின் கீழ். டிஸ்பென்சரியில் மருந்தில்லை என்றால் தோட்டத்து மனேஜரான துரையிடம் போ என்பார்கள், துரையிடம் போனால் அரசாங்கத்தைக் கேள் என்பார்.

அரசு தோட்டத்துக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் வேறெங்கும் தேட வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் மருத்துவிச்சி லயத்துக்கு வருகிறார், கர்ப்பிணியைப் பதிகிறார், பிள்ளைக்கு நிறை பார்க்கிறார், தடுப்பூசித் தேதி தவறினால் தேடி வருகிறார். திரிபோஷா சத்துமாவும் அந்த வழியில்தான் வருகிறது. லயத்துக்குள் நடந்த பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்குண்டு. பிள்ளைக்கும் தாய்க்கும் முடிந்தது, 60 வயது பிரஷர்காரருக்கு ஏன் முடியாது?

என் அபிப்பிராயம் இதுதான்: டிஸ்பென்சரிகளை மாகாணச் சுகாதாரத் திணைக்களம் சட்டப்படி பொறுப்பெடுக்க வேண்டும். கட்டடமும் பாதையும் கம்பனியின் கடமையாக எழுதப்பட வேண்டும். மாதம் ஒரு நாள் டாக்டர் தோட்டத்துக்கே வந்து கிளினிக் வைக்கட்டும். நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கட்டும். தமிழ் பேசும் மருத்துவிச்சிகளையும் தாதிமாரையும் தோட்டப் பிள்ளைகளிலிருந்தே எடுத்துப் படிப்பிக்க வேண்டும். அரசிடம் காசில்லை என்பார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்குப் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. ஆனால் பிரஷர் குளிசை மலிவு. அது தவறிப் பக்கவாதம் வந்து படுத்தவரை வார்ட்டில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் செலவு அதிகம்.

இதையெல்லாம் செய்ய வருஷங்கள் ஆகும் என்றால், குளவி கொட்டியவருக்குப் போடும் அட்ரினலின் ஊசிமருந்தை மட்டுமாவது டிஸ்பென்சரியில் உடனே வைக்க வேண்டும். கொழுந்து மலையில் குளவி கொட்டி உயிர் போவது இன்னும் நின்றபாடில்லை. உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, தலைசுற்றி விழுகிறவருக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் உடனே ஏற வேண்டும். டவுன் போய்ச் சேரும்வரை காத்திருக்க முடியாது. ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் திகதி முடியாத அட்ரினலின், அதைப் போடப் பயிற்சியும் அனுமதியும் உள்ள ஒருவர், கொழுந்தெடுக்கும் நேரம் முழுக்கத் திறந்திருக்கும் கதவு, இந்த மூன்றும் வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் டிஸ்பென்சரிக்குள் போய் அந்த மருந்தின் திகதியைக் கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் துரைக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் எழுத்தில் கொடுங்கள், பிரதியில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.