இரண்டும் வேண்டாம் என்கிற அமெரிக்க வாக்காளருக்கு எது வழி?

கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 2024இல் எடுத்த கணக்கின்படி, அமெரிக்கர்களில் 43 சதவீதம் பேர் தங்களை ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டையும் சாராதவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, மூன்றாவது பெரிய கட்சி ஒன்று தேவை என்றவர்கள் 63 சதவீதம். ஆனால் நூறு பேர் கொண்ட மேலவையான செனட்டில் சுயேச்சைகள் இரண்டே பேர்: பெர்னி சாண்டர்ஸ், ஆங்கஸ் கிங். அவர்களும் ஜனநாயகக் கட்சி அணியோடுதான் சேர்ந்து இயங்குகிறார்கள். இவ்வளவு கசப்பு இருந்தும் அது இடங்களாக மாறவில்லை. வாக்காளர் கையில் வழிகள் இருக்கின்றன, ஆனால் அவை ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல. எந்த வழி பயன்தரும் என்பதும், அதைப் பற்றி எந்த ஊடகம் வாய்திறக்கிறது என்பதும் ஒரே கேள்வியின் இரு பாதிகள்.

முதல் வழி புறக்கணிப்பு. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காணாத வாக்குப்பதிவு என்று கொண்டாடப்பட்ட 2020 தேர்தலிலேயே தகுதியுள்ளவர்களில் மூன்றில் ஒருவர் வரவில்லை. அந்த மூன்றில் ஒரு பங்கைப் பார்த்து எந்தக் கட்சியும் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. நெவாடாவில் மட்டும் ‘இந்த வேட்பாளர்களில் எவரும் இல்லை’ என்ற கட்டம் வாக்குச்சீட்டில் 1976 முதல் இருக்கிறது. நம் நோட்டாவுக்கு மூத்தது. 2024 பிப்ரவரியில் அங்கு நடந்த குடியரசுக் கட்சி பிரைமரியில், அதாவது கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்வு செய்யும் தேர்தலில், அந்தக் கட்டம் அறுபது சதவீதத்துக்கு மேல் வாங்கி, போட்டியிட்ட நிக்கி ஹேலியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. கசந்துபோன மக்களின் வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். டிரம்ப் பெயர் அந்தச் சீட்டில் இல்லாததால் அவருடைய ஆதரவாளர்கள் கூட்டமாக வந்து குத்திய வாக்கு அது. கட்சியை வெறுப்பவருக்காக வைத்த கட்டத்தைக் கட்சி விசுவாசிகளே எடுத்துக்கொண்டார்கள்! அந்தக் கட்டம் முதலிடம் பெற்றாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவரே வென்றவர் என்பது அங்கும் சட்டம். நோட்டாவை அறிந்தவர்களுக்கு இது பழகிய கதை.

இரண்டாவது வழி மூன்றாம் வேட்பாளர். உணர்ச்சிக்கு மிகவும் நெருக்கமானது, கணக்கில் மிகவும் கொடூரமானது. 1992 அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீத வாக்கு வாங்கினார். நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அவருக்கு வாக்களித்தும், மாநிலவாரியாக அமைந்து அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். 1968இல் ஜார்ஜ் வாலஸ் அவரைவிடக் குறைவாக, 13.5 சதவீதம் வாங்கி, 46 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றார். காரணம் எளிது. வாலஸின் ஆதரவு தென்மாநிலங்களில் குவிந்திருந்தது. பெரோவின் ஆதரவு நாடெங்கும் பரவியிருந்தது. ஒரு மாநிலத்தில் முதலில் வருபவருக்கே அதன் தேர்வாளர் வாக்குகள் முழுவதும் என்ற முறையில், பரவலான ஆதரவைவிட ஒரு வட்டாரத்தின் பிடிவாதத்துக்கே மதிப்பு அதிகம். இனப் பிரிவினையை ஆதரித்தவருக்கு அறுவடையும், பட்ஜெட் பற்றாக்குறையைப் பேசியவருக்கு வெறுங்கையும் கிடைத்ததற்கு இதுதான் விளக்கம்.

பிறகு 2000இல் அதிபர் யார் என்பதை முடிவுசெய்த ஃபுளோரிடா. புஷ்ஷின் முன்னிலை 537 வாக்குகள். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் வாங்கியது 97,488. நேடருக்கு விழுந்த எல்லா வாக்கும் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ‘வாக்கைப் பிரித்தவர்’ என்ற முத்திரை அன்றிலிருந்து ஒவ்வொரு மூன்றாம் வேட்பாளர் மீதும் குத்தப்படுகிறது, செய்திகளில் அவர்களுக்கு வேறு வேடமே கிடைப்பதில்லை. அதிபர் விவாத மேடைக்கு 2000 முதல் வைத்திருந்த நிபந்தனை, கருத்துக்கணிப்புகளில் சராசரி 15 சதவீதம். கணிப்பில் ஏற வேண்டுமென்றால் செய்தியில் வர வேண்டும். செய்தியில் வர வேண்டுமென்றால் கணிப்பில் ஏற வேண்டும். 2024இல் பழைய விவாத ஆணையத்தை ஓரங்கட்டிவிட்டு சிஎன்என் தானே விவாதம் நடத்தியபோதும் அந்த 15 சதவீதம் அப்படியே இருந்தது.

எனவே இந்த வழிக்கு என் தீர்ப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு கட்சியின் கோட்டையான கலிஃபோர்னியாவிலோ வயோமிங்கிலோ இருப்பவர் அதிபர் தேர்தலில் மூன்றாம் கட்சிக்குக் குத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. நாடளவில் ஐந்து சதவீதம் தொட்டால் அந்தக் கட்சிக்கு அடுத்த தேர்தலில் அரசு நிதி கிடைக்கும் என்ற சின்ன லாபமும் உண்டு. இழுபறி மாநிலமான மிச்சிகனில் இருப்பவர் கணக்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும்: 2016இல் அங்கே டிரம்ப் வென்றது பதினோராயிரத்துக்கும் குறைவான வாக்குகளில், பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் வாங்கியது ஐம்பதாயிரத்துக்கும் மேல்.

மூன்றாவது வழிக்கு ஒரு கூச்சத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெறுக்கிற கட்சிக்குள்ளேயே நுழைய வேண்டும். பிரைமரியைத்தான் சொல்கிறேன். கீழவைத் தொகுதிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்சியின் கோட்டை. அங்கே நவம்பர் தேர்தல் சடங்கு. உண்மையான முடிவு கோடையிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. 2014இல் கீழவைப் பெரும்பான்மைத் தலைவராக இருந்த எரிக் கேன்டர், அறிமுகமில்லாத ஒரு பொருளாதாரப் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். 2018இல் நியூயார்க்கில் நீண்டகால உறுப்பினரான ஜோ க்ரௌலியை அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் வீழ்த்தினார். சுமார் ஏழு லட்சம் மக்கள் வாழும் தொகுதியில் அவருக்குத் தேவைப்பட்டது 17,000க்கும் குறைவான வாக்குகள். நாட்டின் ஊடகத் தலைநகரமான அந்த நகரத்திலேயே, பெரிய செய்தி நிறுவனங்கள் பலவற்றுக்கு அவர் யார் என்று முடிவு வந்த இரவில்தான் தெரிந்தது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் நடப்பது ‘மூடிய’ பிரைமரி. அந்தக் கட்சியில் பதிந்தவர் மட்டுமே வாக்களிக்கலாம். ‘நான் எந்தக் கட்சியும் இல்லை’ என்று பெருமையோடு பதிந்துகொண்டவர் முடிவு எடுக்கப்படும் அறைக்கு வெளியே நிற்கிறார். உள்ளே மிச்சமிருப்பவர்களோ கட்சியின் தீவிரப் பற்றாளர்கள். பிரைமரியில் தோற்றுவிடுவோமோ என்ற அச்சத்தில் உறுப்பினர்கள் இன்னும் கடும்போக்காளர்களாக மாறுவதும் இதனால்தான்.

நான்காவது, எண்ணும் முறையையே மாற்றுவது. மெய்ன் மாநிலத்தில் 2010இல் குடியரசுக் கட்சியின் பால் லெபாஜ் 38 சதவீத வாக்கோடு ஆளுநரானார். எதிர்வாக்கு சுயேச்சைக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் பிரிந்துபோனது. 2016இல் அந்த மாநிலம் விருப்ப வரிசை வாக்கை ஏற்றதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்எல்ஏக்கள் 1, 2, 3 என்று எழுதுவது போன்ற முறைதான் இது. கடைசியில் வருபவர் நீங்க, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். மூன்றாம் கட்சிக்காரருக்கு முதலிடம் கொடுத்தாலும் அந்த வாக்கு வீணாகாது. அலாஸ்கா இன்னும் ஒருபடி மேலே போனது. எல்லாக் கட்சியினருக்கும் ஒரே பிரைமரி, அதில் முதல் நால்வர் இறுதிச் சுற்றுக்கு வருவார்கள், அங்கே விருப்ப வரிசை. சொந்தக் கட்சியிலேயே எதிரிகள் நிறைந்த குடியரசுக் கட்சி செனட்டர் லிசா முர்கௌஸ்கி 2022இல் தப்பியது இந்த முறையில்தான்.

குறை இல்லாத முறை அல்ல. அலாஸ்காவின் 2022 இடைத்தேர்தலில் மூவர் மோதியதில் மேரி பெல்டோலா வென்றார். ஆனால் நிக் பெகிச்சை மற்ற இருவரோடும் தனித்தனியாக மோதவிட்டிருந்தால் இருவரையும் அவர் வென்றிருப்பார் என்பதை வாக்குப் பதிவுகள் காட்டின. அவர் முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டார். அப்படியிருந்தும் என் ஓட்டு இந்த வழிக்குத்தான். மற்ற எல்லாவற்றிலும் சண்டைபோடும் இரு கட்சிகளும் சில இடங்களில் இதை எதிர்ப்பதில் மட்டும் ஒத்துப்போவது எனக்குப் போதுமான சான்று. 2024இல் நெவாடாவில் இந்த முறைக்கான முன்மொழிவை இரு கட்சித் தலைமைகளும் எதிர்த்தன, மக்கள் வாக்கெடுப்பில் அது தோற்றது. கொலராடோ, ஆரகன், ஐடஹோவிலும் தோல்வி. அலாஸ்காவில் இந்த முறையை ஒழிக்கும் முயற்சி ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில்தான் முறிந்தது.

இனி செய்திக்கு வருவோம். கேலப் கணக்கில் 1976இல் 72 சதவீதம் பேர் ஊடகங்களை நம்பினார்கள், 2025இல் 28. ஃபாக்ஸ் நியூஸும் எம்எஸ்என்பிசியும் பிறந்தது ஒரே ஆண்டில், 1996இல். நம் ஊரில் கட்சிகள் சேனல் நடத்துகின்றன. அங்கே சேனல்கள் கட்சியின் மனநிலையை நடத்துகின்றன. 2020 தேர்தலில் மோசடி செய்ததாகத் தன்மேல் பொய் பரப்பினார்கள் என்று வழக்குப் போட்ட வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியனுக்கு ஃபாக்ஸ் 2023இல் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்ததும் பார்வையாளர்கள் கேட்க விரும்பியதைக் கொடுத்ததன் விலைதான். சார்பைவிடப் பெரிய கோளாறு இன்னொன்று: இருவர் மோதல் என்றால் மட்டுமே இவர்களுக்கு நிகழ்ச்சி. பிரைமரிப் பதிவுக்குக் கடைசித் தேதியும் எண்ணும் முறை பற்றிய முன்மொழிவும் அந்தச் சட்டகத்துக்குள் அடங்குவதில்லை.

பாட்காஸ்ட் இதற்கு மாற்றா? ஜோ ரோகன் 2024 அக்டோபரில் டிரம்ப்போடு ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார். ஒருவர் நிதானமாகப் பேசும்போது எப்படி இருக்கிறார் என்பது தெரிகிறது, குறுக்குக் கேள்விதான் காணவில்லை. காங்கிரஸின் முழு விசாரணைகளையும் வெட்டாமல் காட்டும் சி-ஸ்பான் நேர்மையானது, பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

நான் தேர்ந்தெடுப்பது உள்ளூர்ப் பத்திரிகையை. ஜார்ஜ் சாண்டோஸ் தன் வாழ்க்கை வரலாற்றையே புனைந்து காங்கிரஸுக்குப் போனவர். அவருடைய சொத்துக் கணக்கு பொருந்தவில்லை என்று 2022 தேர்தலுக்கு முன்பே எழுதியது லாங் ஐலண்டின் சிறு வாரப் பத்திரிகை நார்த் ஷோர் லீடர். பெரிய நாளிதழ்கள் விழித்தது அவர் வென்ற பிறகு, டிசம்பரில். அப்படிப்பட்ட பத்திரிகைகள்தான் வேகமாக மறைகின்றன. 2005க்குப் பிறகு அமெரிக்காவின் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடப்பட்டுவிட்டன.

ஆக, அதிபர், காங்கிரஸ் தேர்தல்களில் மெய்னிலோ அலாஸ்காவிலோ இருப்பவருக்குக் குழப்பமில்லை. மனதுக்குப் பிடித்தவருக்கு முதலிடம் எழுதலாம். ஃபுளோரிடாக்காரருக்கு அந்த வாய்ப்பு கிடையாது, 2022இல் அந்த மாநிலம் விருப்ப வரிசை வாக்கைச் சட்டம் போட்டே தடைசெய்தது. பிரைமரியும் மூடியது. அவருக்கு நான் சொல்லக்கூடியது, தன் வட்டாரத்தில் எந்தக் கட்சியின் பிரைமரி முடிவைத் தீர்மானிக்கிறதோ அதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பெயரைப் பதியுங்கள் என்பதுதான். பிரைமரிக்கு 29 நாள் முன்பு வரை கட்சி மாற்றிக்கொள்ளலாம்.