இணைய இணைப்பைத் துண்டிக்கத் தொலைபேசியில் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்

வீடு மாறும்போது பழைய பிராட்பேண்ட் இணைப்பை நிறுத்தும்படி கஸ்டமர் கேரில் சொல்லிவிட்டு, அதோடு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். 2024 மே மாதம் குரோம்பேட்டை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மதுரைக்கு வந்தோம். அங்கிருந்த இணைப்புக்காக அதன்பிறகு எட்டு மாதங்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இணைப்பு 2022இல் வாங்கியது. மாதம் 599 ரூபாய்த் திட்டம், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 706 ரூபாய் 82 காசு. மோடத்துக்கு 1,000 ரூபாய் வைப்புத்தொகை. பணம் மாதாமாதம் கிரெடிட் கார்டிலிருந்து தானாகவே போய்விடும். மே 20 அன்று கஸ்டமர் கேரை அழைத்து, மாத இறுதியோடு இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன். ஒரு கோரிக்கை எண்ணும் கொடுத்தார்கள். அன்று மாலையே இன்னொருவர் அழைத்து, மூன்று மாதங்களுக்குப் பாதிக் கட்டணம் தருகிறோம், யோசித்துப் பாருங்கள் என்றார். நாங்கள் போகும் தெருவில் உங்கள் கேபிளே இல்லை, யோசிக்க ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். 27ஆம் தேதி ஓர் ஊழியர் வந்து மோடத்தையும் அடாப்டரையும் எடுத்துப் போனார். ரசீது கேட்டதற்கு, எல்லாம் ஆப்பில் ஏறிவிடும் என்றார். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள் கிடந்த அந்த நேரத்தில் அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

ஜூனிலும் ஜூலையிலும் பணம் பிடிக்கப்பட்டது. தானியங்கிப் பற்றுக்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனக்கும் குறுஞ்செய்திகள் வந்திருக்கின்றன, நான்தான் கவனிக்கவில்லை. ஜூலை இறுதியில் கார்டு கணக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உடனே தானியங்கிப் பற்று அனுமதியை ரத்து செய்துவிட்டு அவர்களை அழைத்தேன். அப்போது கிடைத்த பதில்தான் இந்தப் பதிவுக்கே காரணம். என் கோரிக்கை எண் மே 20 அன்று இரவே மூடப்பட்டிருந்தது. எதிரே எழுதியிருந்த காரணம், ‘வாடிக்கையாளர் தொடர விரும்புகிறார்’. சலுகை வேண்டாம் என்று நான் மறுத்த அந்த உரையாடலை, நான் தொடரச் சம்மதித்ததாகப் பதிந்திருக்கிறார்கள். பதிவு செய்த உரையாடலைத் தாருங்கள் என்று கேட்டேன். கடைசிவரை தரவில்லை.

அடுத்ததாக, துண்டிப்புக் கோரிக்கை எழுத்து மூலம் வந்தால்தான் செல்லும், அது விண்ணப்பப் படிவத்தின் நிபந்தனையிலேயே இருக்கிறது என்றார்கள். படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். உண்மையிலேயே பொடி எழுத்தில் இருந்தது. நிபந்தனை இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மே 20 அன்று தொலைபேசியில் கோரிக்கையை ஏற்று, எண் கொடுத்து, மோடத்தை எடுக்க ஆளும் அனுப்பியவர்கள் அன்று அந்த நிபந்தனையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பணம் திரும்பக் கேட்ட நாளில்தான் அது அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. சரி, எழுத்திலேயே தருகிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பினால், பதிவு செய்யப்பட்ட முகவரியிலிருந்து வரவில்லை என்று நிராகரித்தார்கள். 2022இல் இணைப்புக் கொடுக்க வந்தவர் டேப்லெட்டில் என் மின்னஞ்சல் முகவரியைப் பதிந்தபோது ஓர் எழுத்தை விட்டிருக்கிறார். இரண்டு வருடங்களாக பில் எதுவும் என் மின்னஞ்சலுக்கு வராத காரணமும் அப்போதுதான் விளங்கியது. இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே தங்கள் கணக்கில் எந்த மின்னஞ்சல், எந்தக் கைபேசி எண் பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அக்டோபரில் ஒரு வழக்கறிஞர் பெயரில் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தது. ஆகஸ்ட், செப்டம்பர் நிலுவை 1,413 ரூபாய் 64 காசு, திருப்பித் தராத மோடத்துக்கு 2,500 ரூபாய், ஆக 3,913 ரூபாய் 64 காசை ஏழு நாளுக்குள் கட்ட வேண்டும், இல்லையேல் கடன் கேட்கும்போது வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் பாதிக்கப்படும் என்று இருந்தது. என் மனைவி பயந்துபோய், கட்டித் தொலைத்துவிடலாம் என்றாள். வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்திருந்த நேரம் என்பதால் அவள் பயத்தில் நியாயம் இருந்தது. கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றுதான் நான் கட்டவில்லை.

மோடத்தைக் கொடுத்ததற்கு என்ன ஆதாரம் என்று யோசித்தபோது, குரோம்பேட்டைக் குடியிருப்பின் காவலாளி வைத்திருக்கும் வருகைப் பதிவேடு நினைவுக்கு வந்தது. பழைய பக்கத்து வீட்டுக்காரர் போய்ப் பார்த்து, மே 27ஆம் தேதிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். ஊழியரின் பெயர், நிறுவனத்தின் பெயர், எங்கள் வீட்டு எண், வந்த நேரம், போன நேரம், ‘மோடம் எடுக்க’ என்ற குறிப்பு எல்லாமே அதில் இருந்தன. அந்தக் காவலாளி அண்ணனுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதன்பிறகு எல்லாவற்றையும் காகிதத்தில் செய்தேன். வாடிக்கையாளர் எண், மே 20 கோரிக்கை எண், மோடம் எடுத்த தேதி, எந்தத் தேதியிலிருந்து இணைப்பு வேண்டாம் என்பது, பிடித்த தொகை, என் வங்கி விவரம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, பதிவேட்டுப் படத்தையும் இணைத்து, நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கும் சென்னை அலுவலகத்துக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் இரண்டு அட்டைகளும் முத்திரையோடு திரும்பி வந்தன. 2025இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், இப்போது அனுப்புபவர்கள் விரைவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கான சான்றும் கேட்டு அனுப்ப வேண்டும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிப்பட்ட புகார்களை விசாரித்துத் தீர்ப்பதில்லை. அது 2012இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி, முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) பெற வேண்டும், அங்கே தீராவிட்டால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு வந்த முடிவு இரண்டே வரி: எழுத்து மூலக் கோரிக்கை வரவில்லை. அவர்கள் முத்திரையிட்ட ஒப்புகை அட்டை அப்போது என் மேசையில் இருந்தது. வீட்டுக்குள்ளேயே ஒருவர் மீது அவருடைய அண்ணனிடம் புகார் சொல்வதைப் போன்றதுதான் இந்த மேல்முறையீடு. ஆனாலும் இந்தப் படியைத் தவிர்த்துவிடாதீர்கள். மறுத்து எழுதிய அந்த இரண்டு வரி பின்னால் நமக்கே ஆதாரமாகிறது.

ஜனவரியில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்து எல்லா ஆவணங்களையும் ஏற்றினேன். பத்தாம் நாள் நிறுவனத்திலிருந்து அழைத்து, நிலுவையை ரத்து செய்கிறோம், புகாரை முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தொலைபேசிப் பேச்சை இனி நம்புவதில்லை, எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். மூன்று நாள் கழித்து நிலுவை இல்லை என்ற கடிதம் வந்தது. பிடித்த 1,413 ரூபாய் 64 காசும் கார்டுக்குத் திரும்பியது. வைப்புத்தொகை மட்டும் வரவில்லை.

தொலைபேசிக் கட்டணத் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் அகமதாபாத்தைச் சேர்ந்த ஒருவர், மாதம் சராசரியாக 555 ரூபாய் வந்துகொண்டிருந்த கைபேசி பில் ஒரு மாதம் மட்டும் 24,609 ரூபாய் வந்ததை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், நுகர்வோர் மன்றங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2022 பிப்ரவரி 16 அன்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். சேவைக்காக நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். வைப்புத்தொகை 1,000 ரூபாயும், பொய்யான குறிப்பின் பேரில் எங்களை அலைக்கழித்ததற்கு இழப்பீடும் கேட்டு, ஒப்புகை அட்டைகளையும் பதிவேட்டுப் படத்தையும் இணைத்து, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். வரும் வாரம் தாக்கல் செய்கிறேன்.