சொல் மாறிய அமெரிக்க அதிபர்: வில்சனா, ஜான்சனா?

"போர் வேண்டாம் என்று ஓட்டு வாங்கிவிட்டுப் போருக்குப் போனவர்" என்று பட்டிமன்றத்தில் ஒரே ஒரு உதாரணம்தான் சொல்லலாம் என்றால் யாரைச் சொல்வது? முதல் உலகப் போருக்குப் போன உட்ரோ வில்சனையா, வியட்நாம் போருக்குப் போன லிண்டன் ஜான்சனையா?

சொன்னது
வில்சன்: "நம்மைப் போரில் சிக்காமல் காத்தவர்" என்பது 1916 தேர்தல் கோஷம்.
ஜான்சன்: ஆசியப் பையன்கள் செய்யவேண்டியதற்கு நம் பையன்களை அனுப்பமாட்டோம் என்றார், 1964 அக்டோபரில், தேர்தல் பிரசாரத்தில்.

மாறியது
வில்சன்: 1917 ஏப்ரல் 2, காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) நேரில் நின்று போர்ப் பிரகடனம் கேட்டார்.
ஜான்சன்: பிரகடனமே கிடையாது. 1965 மார்ச் 8, தென் வியட்நாமின் தா நாங்கில் 3,500 அமெரிக்க மரைன் வீரர்கள் இறங்கினார்கள். 1968-இல் வியட்நாமில் இருந்த அமெரிக்க வீரர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

காரணம்
வில்சன்: ஜெர்மன் நீர்மூழ்கிகள் மறுபடி கப்பல்களை மூழ்கடித்தன, அமெரிக்காவுக்கு எதிராக மெக்சிகோவைக் கூட்டுக்கு அழைத்த ஜெர்மனியின் ரகசியத் தந்தியும் சிக்கியது.
ஜான்சன்: வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் 1964 ஆகஸ்ட் 4-இல் அமெரிக்கக் கப்பல்கள்மீது நடந்ததாகச் சொன்ன தாக்குதல் நடக்கவே இல்லை. அதை வைத்துப் பிரதிநிதிகள் சபையில் 416-0 என்று, படையைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தரும் தீர்மானம் நிறைவேறியது. அக்டோபரில் வாக்குக் கொடுத்தபோதே அந்த அனுமதி அவர் சட்டைப்பையில்!

சூழ்நிலை மாறியதால் மனம் மாறினார் என்று வாதாட வில்சன் போதும். சொல்லும்போதே அந்த வாக்கு சந்தேகத்துக்குரியது என்று காட்டவேண்டுமா? ஜான்சன்தான்.