பெயர் சொல்லாத கேம்பஸ் ஆப்கள்: யிக் யாக்கா, ஃபிஸ்ஸா?

அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் விமானம் ஏறுவதற்கு முன்பே அந்தப் பல்கலைக்கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிடுகிறார்கள். வீடு, ரூம்மேட், மளிகைக் கடை எல்லாம் அங்கே விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பேராசிரியர் மதிப்பெண் போடுவதில் கறார், எந்த விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியாது என்பதையெல்லாம் அங்குள்ள மாணவர்கள் பேசுவது பெயர் சொல்லாமல் எழுதும் ஆப்களில்தான்.

தலைப்பில் உள்ள இரண்டில் மூத்தது யிக் யாக். தெற்கு கரோலினாவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் படித்த இருவர் 2013-ல் தொடங்கியது. ஃபிஸ் 2021-ல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேறுபாடு, யாரை உள்ளே விடுவது என்பதில் இருக்கிறது.

யிக் யாக் பார்த்தது இருப்பிடத்தை. சுற்றி ஒன்றரை மைலுக்குள் இருப்பவர்கள் எழுதியது தெரியும். 2021-ல் மறுபடி வந்தபோது அது ஐந்து மைல். மாணவரா, தெருவில் போகிறவரா என்று பார்க்கவில்லை. படிப்பவர்கள் போடும் எதிர் ஓட்டுகளால் ஒரு பதிவின் கணக்கு மைனஸ் ஐந்துக்கு இறங்கினால் அது தானாக மறைந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து பேர் பார்க்கும்வரை வசவு அங்கேயே கிடக்கும். மிரட்டலும் வெறுப்பும் பெருகின. 2016-ல் எல்லோரும் ஒரு புனைபெயர் வைத்தே ஆகவேண்டும் என்றதும் கூட்டம் கலைந்தது. 2017-ல் மூடினார்கள்.

ஃபிஸ் கேட்பது பல்கலைக்கழக மின்னஞ்சலை. உள்ளே இருப்பவர்கள் எல்லாம் அதே கேம்பஸ்காரர்கள். கண்காணிக்க அந்தந்தக் கேம்பஸ் மாணவர்களையே சம்பளத்துக்கு வைக்கிறார்கள். எந்தக் கேலி யாரைக் குத்துகிறது என்பது அவர்களுக்குத்தான் புரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு ஃபிஸ்ஸுக்கு. சைட்சாட் என்ற இன்னொரு கேம்பஸ் ஆப்பும் மின்னஞ்சல் கேட்கும் வகைதான். 2023-ல் யிக் யாக்கையே அது வாங்கிவிட்டது.

சரி, பெயர் உண்மையிலேயே மறைகிறதா? ஃபிஸ்ஸும் யிக் யாக்கும் வாசலில் எதை வாங்கிக்கொண்டனவோ, அதையேதான் கசியவிட்டன. 2021 இறுதியில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலர் ஃபிஸ்ஸின் தரவுத்தளம் திறந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். எந்தப் பதிவு யாருடையது என்று பார்க்க முடிந்தது. அவர்கள் நல்லெண்ணத்தோடு சொன்னதற்கு, நிறுவனம் வழக்குப் போடுவதாக மிரட்டியது. அவர்கள் வழக்கறிஞர் வைத்துப் பதில் சொன்ன பிறகுதான் விட்டது. 2022-ல் யிக் யாக்கில் ஒரு கணினி மாணவர் பார்த்தபோது, பதிவு எங்கிருந்து எழுதப்பட்டது என்பது சில அடி துல்லியத்தில் கிடைத்தது. விடுதி அறையில் உட்கார்ந்து எழுதியவருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் போலீஸ். 2015 நவம்பரில் மிசௌரி பல்கலைக்கழகக் கறுப்பின மாணவர்களைச் சுடப்போவதாக யிக் யாக்கில் எழுதியவரை மறுநாளே பிடித்துவிட்டார்கள்.

வட கரோலினாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் 2024-ல் தங்கள் வைஃபையில் இந்த ஆப்களையெல்லாம் தடுத்தன. மொபைல் டேட்டா இருப்பவரை அது எப்படித் தடுக்கும்?

இவற்றை ஒரேயடியாக ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. முதல் செமஸ்டரில் ஊர் நினைப்பு வந்து தூக்கம் பிடிக்காதவர், பெயர் போட்டு அதை எங்கே எழுதுவார்? "எனக்கும் அப்படித்தான்" என்று முகம் தெரியாத ஒருவர் பதில் போடுவது அந்த நேரத்தில் பெரிய விஷயம். அதற்கு ஃபிஸ் போதும். வாடகை முன்பணம், பழைய கார், பகிர்ந்துகொள்ளும் அறை போன்ற பணம் கைமாறும் விஷயங்களுக்கு மட்டும், எதிரில் இருப்பவரின் பெயரும் எண்ணும் தெரிகிற அந்த வாட்ஸ்அப் குழுவுக்கே போங்கள்.