முகாமைத்துவம் கற்பிக்கும் வளவாளர்கள்: அரிசி ஆலையிலிருந்து ஒரு நீண்டகால மதிப்பீடு

சம்மாந்துறைப் பக்கத்திலுள்ள ஓர் அரிசி ஆலையின் நிருவாகப் பொறுப்பில் இருப்பவன் என்ற வகையில், தலைமைத்துவம், நிதி முகாமைத்துவம், விற்பனை ஆகியவற்றைத் தொழில்புரிவோருக்குக் கற்பிக்கும் பலவகை வளவாளர்களின் முன்னால் பத்தாண்டுகளுக்கு மேலாக அமர்ந்திருக்கிறேன். பாசிக்குடா விடுதிகளில் நடக்கும் ஒருநாள் செயலமர்வுகள், வார இறுதி டிப்ளோமா, நிறைவேற்று அலுவலர்களுக்கெனக் கொழும்பில் நடந்த கற்கைநெறி, 2020 ஊரடங்குக் காலத்தில் சூம் வழியாக நடந்த வகுப்புகள் என எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. நிறுவனங்களின் தரத்தைப் பற்றி எழுதுவதில் பயனில்லை. ஒரே கற்கைநெறியிலேயே காலையில் வந்தவர் ஒரு விதம், பிற்பகலில் வந்தவர் வேறு விதம். ஆகவே கற்பித்தவர்களைப் பற்றியும், அவர்கள் சொன்னவற்றுள் ஆலையில் இன்றும் நடைமுறையில் இருப்பவை எவை என்பதைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

முதலிடத்தை நிதி கற்பித்த ஒருவருக்கே கொடுப்பேன். வங்கியொன்றின் கடன் பிரிவில் நீண்டகாலம் இருந்துவிட்டுக் கற்பித்தலுக்கு வந்தவர். பேச்சில் கவர்ச்சி எதுவுமில்லை. அடுத்த வகுப்புக்கு வரும்போது அவரவர் நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையையும் கடன்பட்டோர் பட்டியலையும், பெயர்களை மறைத்தாவது, கொண்டுவர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எங்கள் தொழிலில் நெல்லை அறுவடைக் காலத்தில் கைக்காசு கொடுத்து வாங்க வேண்டும். பெரும்போக அறுவடை நடக்கும் அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் விலை ஏறிவிடும். அரிசியோ மாதக்கணக்கில், கடைகளுக்குக் கடனாக, பெரும்பாலும் பிந்திய திகதியிட்ட காசோலைக்குப் போகிறது. அவர் வெண்பலகையில் எழுதியது இவ்வளவுதான்: நெல்லும் அரிசியுமாகக் களஞ்சியத்தில் கிடப்பது 70 நாள், கடைக்காரர் காசு தர எடுப்பது 45 நாள், விவசாயிக்குக் காசு கொடுக்க ஆலை பிந்துவது 5 நாள், அதைக் கழித்தால் 110 நாளுக்கு ஆலை வங்கியின் காசில் ஓடுகிறது. "லாபம் வருது எண்டு சொல்றீங்க, காசு எங்க?" என்று அவர் கேட்டபோது ஆலைக்காரர், புடவைக்கடைக்காரர், மருந்து விநியோகத்தர் எல்லாரும் தத்தம் தாள்களுக்குள் குனிந்துகொண்டோம்.

அவர் காட்டித்தந்த 13 வாரக் காசுப்பாய்ச்சல் எதிர்வுகூறலை எங்கள் கணக்காளர் இன்றும் திங்கட்கிழமைதோறும் தயாரிக்கிறார். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தபோதும், 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதால், கணக்கிலுள்ளதற்கு மேல் வங்கியில் எடுக்கும் மேலதிகப்பற்றின் வட்டி ஆலைகளை நெரித்தபோதும், எந்த வாரத்தில் காசு முட்டுப்படும் என்பதை முன்கூட்டியே கண்டு கடைகளுக்கான கடன் நாட்களைக் குறைக்க முடிந்தது அந்தத் தாளினால்தான். அதே ஆண்டுகளில் தொலைநோக்கு அறிக்கை எழுதக் கற்பித்தவர்கள் பலர். அந்த அறிக்கை சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் தொங்குகிறது.

கைதட்டவும் எழுந்து நிற்கவும் சொல்லி, கழுகின் கதையோடு தொடங்குபவர்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஆனால் ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தொடர்பாடலில் சொற்களின் பங்கு 7 சதவீதமே, மீதி 93 சதவீதமும் குரலும் உடல்மொழியும் என்று அவர்களுள் ஒருவர் திரையில் காட்டினார். இந்த எண்கள் உளவியலாளர் அல்பேர்ட் மெஹ்ராபியன் 1967 இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வருபவை. ஒருவர் சொல்லும் சொல்லும், அதைச் சொல்லும் தொனியும், முகபாவமும் ஒன்றோடொன்று முரண்படும்போது அவருடைய விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எதைக்கொண்டு தீர்மானிக்கிறார் என்பதே அங்கு ஆராயப்பட்டது. எல்லாத் தொடர்பாடலுக்கும் அதைப் பொருத்தக் கூடாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். வகுப்பிலிருந்த ஒரு பெண், "அப்பிடியெண்டா நீங்க யப்பான் மொழியில பேசியிருந்தாலும் எங்களுக்கு 93 வீதம் விளங்கியிருக்கும் என்ன சேர்?" என்று கேட்டார். வளவாளர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். தான் காட்டும் எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர், நம் ஆலையின் எண்களைப் பார்த்து எதையும் சொல்லித்தரப் போவதில்லை.

தலைமைத்துவம் கற்பித்தவர்களுள் என் மதிப்புக்குரியவர் ஓர் அம்மையார். குறை கூறும் முறையைப் பற்றிய அவருடைய பாடம், 1970 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சென்ரர் ஃபோர் கிரியேட்டிவ் லீடர்ஷிப் நிறுவனம் பரப்பிய முறையை அடிப்படையாகக் கொண்டது: சூழ்நிலையைச் சொல், அதில் மற்றவர் செய்ததைச் சொல், அதனால் நேர்ந்த விளைவைச் சொல், அவருடைய குணத்தைப் பற்றிப் பேசாதே. கையேட்டிலிருந்த உதாரணமோ, பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளும் இரு அலுவலர்களுக்கிடையிலானது. எங்கள் ஆலையின் களஞ்சியப் பொறுப்பாளர் என் தகப்பனாரின் வயதையொத்தவர். நான் அவரை மாமா என்றே அழைக்கிறேன். கையேட்டிலுள்ளபடி நான் நடித்துக்காட்டத் தொடங்கியதும் அம்மையார் இடைமறித்து, "உங்கட மாமாவோட இப்பிடியா கதைப்பீங்க?" என்றார். பிறகு அவரே பேசிக்காட்டினார்: "மாமா, நேத்துப் பின்னேரம் லொறி ஏத்தக்குள்ள கடைசி மூட்டையெல்லாம் நிறுக்காமப் போயிட்டு. காலையில கடைக்காரர் கோல் எடுத்து ஏசினார். இதுக்கு என்ன செய்வம், நீங்க சொல்லுங்க." அந்த முறையின் மூன்று பகுதிகளும் அதில் அப்படியே இருந்தன, மரியாதையும் கெடவில்லை. வேலையாட்களுக்கு முன்னால் சொல்லாமல், தேநீர் நேரத்தில் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டார். எங்கள் மேற்பார்வையாளர்கள் இன்றுவரை கைவிடாதது இந்தப் பாடத்தைத்தான்.

தொழில் நிகழ்வொன்றை எழுத்தில் கொடுத்து, விரிவுரை செய்யாமல் விவாதத்தை நடத்திச் செல்லும் முறை ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் 1920களில் வேரூன்றியது. கொழும்பில் அதை நன்றாகக் கையாண்ட ஒருவரைக் கண்டேன். ஆயினும் நிகழ்வுகள் எல்லாம் அமெரிக்கக் கம்பனிகளுடையவை, விவாதமும் ஆங்கிலத்தில் நடந்ததால் கிழக்கிலிருந்து போனவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருந்தோம். மட்டக்களப்பில் வேறொருவர் வாழைச்சேனைக் காகித ஆலையை எடுத்துக்கொண்டார். வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்ட ஆலை அது. அறுவடை ஆண்டுக்கு இரண்டு முறை. இயந்திரமோ நாள்தோறும் ஓட வேண்டும். மாரி மழையில் வைக்கோலை யார், எங்கே, எவருடைய காசில் காப்பது என்று கேட்டுவிட்டு அவர் அமர்ந்துவிட்டார். வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த ஆலையில் வேலை செய்த உறவினர் இருந்தனர். அன்று மதிய உணவு ஆறிப்போகும்வரை வாதம் ஓயவில்லை.

பயிற்சியை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கேர்க்பற்றிக் 1959 இல் நான்கு படிகளை முன்வைத்தார்: பங்குபற்றியவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. இங்கு நடப்பது முதற்படி மட்டுமே. சான்றிதழுக்கும் குழுப் புகைப்படத்துக்கும் நடுவில் பின்னூட்டப் படிவத்தை நீட்டுகிறார்கள். பிரியாணி நன்றாக இருந்தால் வளவாளருக்கும் புள்ளி கூடிவிடுகிறது. மூன்றாம், நான்காம் படிகள் மாதங்கள் கழித்தே தெரியவரும், அப்போது வளவாளர் அங்கு இருப்பதில்லை.

இதற்கு விலக்காக இருந்தவர் அந்த நிதி ஆசிரியர். கற்கைநெறி முடிந்ததும் எங்களுள் சிலரை ஒரு குழுவாக்கி, மாதமொருமுறை கூடி ஒருவர் தன் சிக்கலை வைக்க, மற்றவர்கள் ஆலோசனை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்க வேண்டும் என்று விதித்தார். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்க முகாமையாளர்களிடையே 1940களில் ரெக் ரெவன்ஸ் தொடங்கிய முறை இது என்பதைப் பிற்பாடு அறிந்தோம். மருதமுனைக் கைத்தறி உற்பத்தியாளர், ஏறாவூரில் பால் சேகரிக்கும் நிலையம் நடத்துபவர், பாசிக்குடா விடுதி முகாமையாளர் ஆகியோரோடு இந்தக் குழு இன்றும் கூடுகிறது. கேள்வி மட்டும் கேட்பது நம்மவர்களுக்கு எளிதன்று. "நானெண்டா இப்பிடிச் செய்வன்" என்று தொடங்குபவரை இன்றும் நிறுத்த வேண்டியிருக்கிறது.

அண்மையில் எங்கள் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி ஒழுங்குசெய்தபோது, பயிற்சி முடிந்து மூன்றாம் மாதம் வளவாளர் ஆலைக்கு வருவதையும் விலைக்கூறலில் சேர்க்குமாறு கேட்டோம். சிலர் அது வழக்கமில்லை என்றனர்; ஒருவர் பதிலே அனுப்பவில்லை. கட்டணத்தில் மூன்றிலொரு பங்கை அந்த வருகைக்குப் பிறகு பெற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டவர், சிறுபோக அறுவடை முடிந்த கையோடு வந்து, நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு ஒவ்வொருவராக அழைத்து என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டார். அடுத்த தொகுதியையும் அவரிடமே ஒப்படைத்திருக்கிறோம்.