படகு இல்லாமல் போகாதீர்கள்: வாயேஜர்ஸ் தேசியப் பூங்கா

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டியுள்ள வாயேஜர்ஸ் தேசியப் பூங்காவில் சென்ற கோடையில் குடும்பத்துடன் மூன்று நாள்கள் தங்கினோம். 1975-இல் நிறுவப்பட்ட இப்பூங்காவின் ஏறத்தாழ 2,18,000 ஏக்கர் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர்தான் என்று முன்பே படித்திருந்தும், அதன் பொருள் அங்கே போன பிறகுதான் விளங்கியது. கார் செல்லும் சாலை ஏரிக்கரையோடு நின்றுவிடுகிறது. பூங்காவின் கூடார முகாம்களுக்குப் படகின்றிப் போக முடியாது. ஆகவே, கரையோர விடுதியில் அறையை மட்டும் பதிவு செய்துகொண்டு வருபவர்கள், கோயில் வாசல் வரை வந்தும் சாமி பார்க்காமல் திரும்பியவர்கள் ஆவார்கள்.

படகுகளை வாடகைக்குத் தருபவை பூங்காவுக்கு வெளியே உள்ள தனியார் கடைகள். எங்களுக்குப் படகு தந்தவர்கள் கால் மணி நேரத்தில் இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொடுத்தார்களே தவிர, நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒளிந்திருக்கும் பாறைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முதல் நாளே ஒரு பாறையில் உரசி, நல்லவேளையாகச் சேதமின்றித் தப்பினோம். மிதவைக் குறிகளும் ஆழமும் காட்டும் ஏரி வரைபடத்தை வாங்கி, புறப்படும் முன்பே படித்துப் பழகுவது அவசியம். ரெய்னி, கபெட்டோகாமா போன்ற பெரிய ஏரிகளில் காற்று வலுத்தால் அலை கடல்போல் எழும்புவதால், திறந்த நீர்ப்பரப்பைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. (நமக்கான் என்றொரு ஏரியும் உண்டு, நமக்காகவே வைத்ததுபோல் ஒலித்தாலும் அப்பெயர் ஒஜிப்வே பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது.)

நுழைவுக் கட்டணம் கிடையாது. இரவு தங்குவதற்கு முன்பதிவும் கட்டணமும் உண்டு. எங்கள் முகாமில் மேசை, நெருப்பு மூட்டும் வளையம், கரடியிடமிருந்து உணவைக் காக்கும் இரும்புப் பெட்டி, எளிய கழிப்பறை ஆகியவை இருந்தன. குழாய்நீரும் கடையும் இல்லை. ஏரிநீரைக் கொதிக்க வைத்தோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும். அரிசி முதல் கொசுவிரட்டி வரை எல்லாவற்றையும் இன்டர்நேஷனல் ஃபால்ஸ் நகரிலேயே வாங்கிவிடுங்கள். கைபேசி பல இடங்களில் செயலற்றுப் போகிறது. சில இடங்களில் கனடாவின் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வதால் ரோமிங்கை முன்கூட்டியே நிறுத்திவைப்பது பணப்பைக்கு நல்லது.

உள்ளே சமைத்த உணவு வேண்டுமென்றால் கெட்டில் ஃபால்ஸில் உள்ள பழைய மர விடுதிக்குப் போகலாம். அதற்கும் படகோ நீரில் இறங்கும் விமானமோ வேண்டும். எல்லைக்கோடு அங்கே வளைந்து செல்வதால், தெற்கே பார்த்தால் கனடா தெரியும் வேடிக்கை என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

படகோட்டத் துணிவில்லாதவர்களுக்குக் கோடையில் பூங்காவின் சுற்றுலாப் படகுகள் உள்ளன. ஒரு நாளே கையில் இருந்தால் அதுவே போதும். ஆனால், செயற்கை வெளிச்சம் குறைந்த ‘இருள்வானப் பூங்கா’ என்று 2020-இல் சான்று பெற்ற இவ்விடத்தின் இரவு வானத்தைப் பார்க்க, தீவு ஒன்றில் இரண்டு இரவுகளாவது தங்க வேண்டும். முதல் இரவு எங்களுக்கு மேகத்திலேயே கழிந்தது.